நர்சிங் கல்லூரியைப் பார்க்கும் முன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

ஐயா, வணக்கம்.

மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை, உங்களுக்குத்தான் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நைட் டியூட்டி, நோய்த்தொற்று, நாளைக்குக் கல்யாணப் பேச்சு என்று கவலைகளைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் ஒரு ஏஜெண்ட் வந்துபோனதையும் சொல்லியிருக்கிறீர்கள். பெங்களூரில் சீட் இருக்கிறது, இந்த வாரமே முன்பணம் கட்டினால் ஹாஸ்டல் இலவசம் என்றாராம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கவலையாக இருக்கிறது. மற்றதையெல்லாம் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்துவிட்டால் நான்கு வருடம் போனது போனதுதான்.

மகள் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கிறாள் என்பதால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நேராகவே விண்ணப்பிக்கலாம். நான்கு வருடம், எட்டு செமஸ்டர். தமிழ்நாட்டில் இதற்கு நீட் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, சென்னையிலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. சென்னை, மதுரை, சேலம், தேனி, செங்கல்பட்டு போன்ற ஊர்களின் அரசு நர்சிங் கல்லூரிகளும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் அந்தக் கவுன்சலிங்கில் வரும். கவுன்சலிங் முடியும் வரை எந்த ஏஜெண்டிடமும் பணம் கட்டாதீர்கள். ஒருவேளை இடம் கிடைக்காமல் போனால் ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. மூன்று வருடம் படித்துவிட்டு, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தாலும் பட்டம் வந்துவிடும். கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் கல்லூரி என்றதும் பெற்றோர் கட்டடம், பஸ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஆஸ்பத்திரியை. இந்தத் தொழிலைப் பாதிக்கு மேல் வார்டில்தான் கற்றுக்கொள்ள முடியும். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். ஆபரேஷன் முடிந்து வந்தவரின் நாடித்துடிப்பு ஏறுவதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் பார்த்து, உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட்டு டாக்டரைக் கூப்பிடத் தெரிய வேண்டுமே, அது நோயாளிகள் நிறைந்த வார்டில், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு சிஸ்டர் இருந்தால்தான் வரும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும். ஆனால் படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்றும் அந்தப் பெயர் நிற்பதற்கு, அங்கே வரும் நோயாளிகளின் கூட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு சாதாரண வேலைநாளில், சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் சேர்க்க நினைக்கும் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய் உட்காருங்கள். ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், கூட்டம் இருக்கிறதா? பிரசவ வார்டு நடக்கிறதா? யூனிஃபார்மில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம், "போஸ்டிங் எங்கேம்மா போடுறாங்க, லேபர் ரூம்ல எத்தனை கேஸ் பார்த்திருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

பாண்டு, அதாவது படித்து முடித்ததும் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று கல்லூரி எழுதி வாங்கும் ஒப்பந்தம், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணின் அசல் சான்றிதழ்களை, படித்து முடித்த பிறகும் அவள் கல்லூரி தரவில்லை. தங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று கட்டாயம். அந்தப் பெண் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. சேரும்போதே இதைக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் வேலை. மாநில அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது; முதலில் தொகுப்பூதியம் (மாதம் ஒரே தொகையாகத் தரும் சம்பளம்), காலியிடம் வர வர நிரந்தரம். இந்தக் காத்திருப்பு நீளும், அதைத் தெரிந்தே போக வேண்டும். மத்திய அரசில், நர்சிங் அதிகாரி பணிக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு உண்டு. அதில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பி.எஸ்சி. முடித்தவருக்கு முன் அனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம். என்றால் இரண்டு வருட அனுபவம் வேண்டும். முடிந்தால் பி.எஸ்சி.யே படிக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவுதான். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல். இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனதும் செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது சரளமாகப் பேசும் அளவு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நல்ல மருத்துவமனையில் இரண்டு வருட வார்டு அனுபவம் இருந்தால் கை கொடுக்கும். அனுப்பிவைக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

நைட் டியூட்டி உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். சுழற்சியில் வரும், முதல் சில வருடங்களில் அதிகமாக வரும். பிறகு எம்.எஸ்சி. முடித்து ஆசிரியராகலாம், பொது சுகாதாரப் பக்கம் போகலாம், அங்கே பகல் வேலைதான். கல்யாணப் பேச்சைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்திருக்கிறார்களா? அந்த ராத்திரியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நர்சும் யாரோ ஒருவர் வீட்டு மகள், மருமகள்தான்.

மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். ஏஜெண்ட் சொன்ன கல்லூரியின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, அங்கீகாரம் இருக்கிறதா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அசல் மதிப்பெண் சான்றிதழை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.