நேபாள மிஷன் பயணத்துக்குப் பிறகு மகனின் ஜெபம் நின்றுபோனால்

திரும்பி வந்த ஒரே மாதத்தில் பையன் ஜெபத்தையும் வேதத்தையும் விட்டுவிட்டான் என்கிறீர்கள். பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டான் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அட்டவணைதான் போயிருக்கும். அங்கே விடிந்ததும் குழுத் தியானம், ராத்திரி பகிர்வு. வீட்டில் டியூஷனும் செல்போனும்.

சோதித்துப் பாருங்கள்: மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று, நீங்களும் கூட உட்கார்ந்து. துணை இருந்தால் வாசிக்கிறான் என்றால் தனிமைதான் சிக்கல். அப்புறம் ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு ஒன்றை அவன் பொறுப்பில் விடுங்கள். பாடம் சொல்ல வேண்டுமே என்று சனிக்கிழமை தானே வேதத்தைத் திறப்பான். அறிவுரை மட்டும் வேண்டாம், ஓடிவிடுவான்.

சபையில் பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல மேடையேற்றினாலும், அங்கே எடுத்த படங்களை இணையத்தில் போட விடாதீர்கள். நேபாளக் குற்றவியல் சட்டம் 158ஆம் பிரிவுப்படி பிறரை மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் படங்களால் மாட்டிக்கொள்வது அந்த ஊர்ச் சபையார்.