அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பாடம் (கட்டுரை எழுதக் கற்றுத்தரும் பாடம்) எடுக்கும் தற்காலிக ஆசிரியர்களுக்கு ஏன் மதிப்பில்லை? பெண்கள் அதிகம் என்பதாலா?

அதுவும் ஒரு காரணம். நானும் இங்கே அட்ஜங்க்டாக, அதாவது தற்காலிக ஆசிரியராக, முதலாண்டு எழுத்துப் பாடம்தான் எடுக்கிறேன்.

ஆனால் கட்டுரை திருத்துவது பெண்கள் வருவதற்கு முன்பே கீழான வேலையாகிவிட்டது. 1876-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வேலைக்கு அழைத்தபோது, தன் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்டை இழக்க மனமில்லாத ஹார்வர்டு, அவருக்குக் கொடுத்த சலுகையே மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதிலிருந்து விடுதலை! அந்தச் சுமை இளைய ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் கூட்டம் பெருகியபோது, பேராசிரியர்களின் மனைவிமார் உட்பட நிரந்தர வேலை கிடைக்காத படித்த பெண்கள் பலர் இதற்கு வந்தார்கள். ஏற்கெனவே மதிப்பில்லாத வேலை, சம்பளத்தை உயர்த்த யாருக்கு அவசரம்?

சம்பளம் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்றுதான். ஆனால் உண்மையான உழைப்பு வீட்டு மேசையில் நடக்கிறது. 60 மாணவர்கள், ஆளுக்கு 4 கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 2 வரைவு, வரைவுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 160 மணி நேரம். இதற்கு மேல், ஊர் ஏக்கம், அறைத்தோழி சண்டை என்று எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் எங்களிடம்தான் வருவார்கள். செமஸ்டர் முடிவில் 'ரொம்ப அன்பானவர்' என்று எழுதுவார்கள். 'விஷயம் தெரிந்தவர்' என்று எழுதுவது அபூர்வம். பலருக்கு அடுத்த ஒப்பந்தமே அந்த மாணவர் மதிப்பீட்டை வைத்துத்தான்.

நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2014-இல் வெளியானது. இணையவழி வகுப்பு, ஆசிரியர் முகமே தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சில குழுக்களுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு நடத்தினார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 'நேரத்துக்குத் திருத்தித் தருகிறாரா' என்பதற்கு ஆண் பெயருக்கு 5-க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55! சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 1986-இல் வயோமிங் மாநிலத்தில் கூடிய எழுத்தாசிரியர்கள் நியாயமான சம்பளமும் பணிநிலையும் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். 1989-இல் அவர்களுடைய தேசிய மாநாட்டு அமைப்பு, வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, ஓர் ஆசிரியருக்கு மொத்தம் 60 பேருக்கு மேல் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. நல்ல நெறிமுறை, ஆனால் எந்தக் கல்லூரியையும் அது கட்டுப்படுத்தாது.

நீங்கள் இந்த வேலைக்கு வர நினைத்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: வகுப்புக்கு எத்தனை பேர், வகுப்புக்கு வெளியே மாணவர்களைச் சந்திக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.