மரவேலை கேள்வி–பதில்: வேக்குவம் பையில் வினீர்

கேள்வி: ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்பைக் கொண்டே வினீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்ட முடியுமா? எட்டுக்கு நாலு பலகைக்கு அந்தச் சின்ன மோட்டார் போதுமா?
– பட்டறை உரிமையாளர், காரைக்குடி

பதில்: போதும். பலகையை அழுத்துவது வெளியில் இருக்கும் காற்று. பசை தடவிய பலகையையும் வினீரையும் வைத்து மூடிய பைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான் பம்பின் வேலை. வெற்றிட அளவைக் காட்டும் மானியில் 25 அங்குலப் பாதரசம் காட்டினால் சதுர அடிக்கு ஏறக்குறைய 800 கிலோ. எட்டுக்கு நாலு பலகை முழுவதற்கும் 25 டன்னுக்கு மேல் பாரம் இறங்குகிறது. எத்தனை கிளாம்ப் போட்டாலும் இது வராது. சின்னப் பம்பில் பை காலியாக நேரம் பிடிக்கும். ஆகவே முதலில் வீட்டு வேக்குவம் கிளீனரால் பெரும்பகுதிக் காற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு பம்பை மாட்டுங்கள். பசையின் ஈரம் பம்பு ஆயிலில் கலந்தால் ஆயில் பால்போல வெளுக்கும். அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

ஊட்டியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, 25 அங்குலம் வராது. பம்பைக் குறை சொல்ல வேண்டாம்; 20 வந்தாலே நன்றாக ஒட்டும்.

கேள்வி: 18 மி.மீ. பிளைவுட்டில் தேக்கு வினீரை வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு மணி நேரத்தில் பையிலிருந்து எடுத்தேன். அப்போது குறையே தெரியவில்லை. பாலிஷ் அடித்த மறுநாள் அங்கங்கே கொப்புளம். அழுத்தம் குறைவா?
– தச்சர், கும்பகோணம்

பதில்: அழுத்தத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. ஒரு கொப்புளத்தை பிளேடால் மரத்தின் ரேகை ஓட்டத்திலேயே கீறித் திறந்து பாருங்கள், காரணம் அங்கேயே தெரியும். பலகையில் பசை பளபளவென்று காய்ந்திருந்து, வினீரின் அடிப்பக்கம் வெறும் மரமாக இருந்தால், அழுத்தம் ஏறும் முன்பே பசை காய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் மரமென்றால் அந்த இடத்தில் பசை விழவில்லை. இரண்டிலும் பசை ஒட்டியிருந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். உங்கள் விஷயத்தில் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வெள்ளைப் பசை நீரை இழந்துதான் இறுகும். மூடிய பைக்குள் அந்த நீர் மரத்துக்குள் மட்டுமே போக முடியும். குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். எடுத்த பிறகும் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ஓர் இரவு நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

பசையை வினீரில் தடவவே கூடாது, சுருண்டுவிடும். பலகையில் மட்டும், குட்டை முடி ரோலரால், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம். எட்டுக்கு நாலு பலகைக்கு அரைக் கிலோ அளவில் வரும். கூடினால் மரத்தின் நுண்துளை வழியே மேலே கசிந்து, அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தடவுங்கள். அதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துக்கொண்டால் கை தடுமாறாது.

வந்துவிட்ட கொப்புளத்துக்கு: கீறல் வழியே சிரிஞ்சால் பசை ஏற்றி, மேலே பிளாஸ்டிக் தாளும் தட்டையான கட்டையும் வைத்து, இரவு முழுக்க கிளாம்பில் இறுக்குங்கள்.

கேள்வி: வினீர் ஒட்டிய அலமாரிக் கதவு வில்லாக வளைந்துவிட்டது. ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பார்கள். பின்பக்கமும் அதே கனத்தில் வினீர் வேண்டும். விலை குறைந்த மரமாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் ஒட்ட வேண்டும். பிளைவுட் என்றால் அதன் மேல் ரேகைக்குக் குறுக்காக வினீரின் ரேகை ஓடட்டும், இல்லையேல் நாளடைவில் மயிரிழை வெடிப்பு வரும். எம்.டி.எஃப்.-இல் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ரேகை இல்லாததால் எந்தத் திசையிலும் ஒட்டலாம்.

கேள்வி: வளைந்த மேஜை முகப்புக்கு இதே பை சரிப்படுமா?
– மாணவர், கோவை

பதில்: சரிப்படும், பை வளைவோடு படியும். உள்ளே வைக்கும் அச்சுதான் கவனிக்க வேண்டியது. உள்ளீடற்ற பெட்டியாகச் செய்தால் பாரம் தாங்காமல் நொறுங்கும். எம்.டி.எஃப். துண்டுகளை அடுக்கி ஒட்டிக் கெட்டியாகச் செய்யுங்கள். மெல்லிய தகடுகளை அடுக்கி வளைப்பதானால் வெள்ளைப் பசை வேண்டாம். நாளடைவில் அது நழுவி வளைவு விரிந்துவிடும். யூரியா ஃபார்மால்டிஹைடு பசை கல்லாக இறுகும். அதை வெயில் ஏறும் முன் காலையிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கலக்குங்கள்.