படகில் ஏற்றப்படாதவன்

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வயது 36. இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். நான்கு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தம்பி இருக்கிறான், ஆனால் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

என்னோடு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இயேசுவின் சீஷராக வாழக் கற்றுத்தரும் சபையின் சீஷத்துவ வகுப்பில் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். நான் முதல் நிலையையே இரண்டு தடவை பாதியில் விட்டேன். ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கொடுக்க முடியாது. அப்பா கத்துகிறார், நானும் கத்திவிடுகிறேன். இப்போது ஆறு மாத ஊழியப் பயிற்சி ஒன்று வருகிறது. அப்பாவை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன். மீனவர்களை வலைகளை விட்டுவிட்டு வரும்படிதானே இயேசு கூப்பிட்டார்? நான் வளரவே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிறு ஆராதனை முடிந்து பேருந்தில் வரும்போது உங்கள் கடிதத்தைப் படித்தேன். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வலைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் முதல் அதிகாரத்தில் இருக்கிறார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் இன்னொருவன் இருக்கிறான். கல்லறைகளில் குடியிருந்தவன், சங்கிலி போட்டும் அடங்காதவன். இயேசு அவனைக் குணமாக்குகிறார். அவனைவிட்டுப் போன அசுத்த ஆவிகள் புகுந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து செத்ததைக் கேட்டு ஊர்க்காரர்கள் பயந்துபோய், எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் படகில் ஏறும்போது அந்த மனிதன் வந்து, உம்மோடுகூட இருக்க விடும் என்று கெஞ்சுகிறான்.

இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் இயேசு தம் சீஷர்களாகப் பன்னிரண்டு பேரை ஏற்படுத்துகிறார். அதற்கு மாற்கு சொல்லும் முதல் காரணம், அவர்கள் ‘தம்மோடுகூட இருக்க’ வேண்டும் என்பது. பன்னிரண்டு பேருக்குக் கேளாமலே கிடைத்ததை இவன் அதே வார்த்தையில் கேட்கிறான். இயேசு மறுத்துவிடுகிறார். உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடம் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததைச் சொல் என்கிறார்.

அவன் மனம் அப்போது எப்படித் துடித்திருக்கும் என்று பல வருடங்களாக நினைத்துப் பார்க்கிறேன். அவனுடைய பழைய கோலத்தைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இருப்பது அந்த ஊரில்தான். படகில் போயிருந்தால் புது ஆளாக இருந்திருக்கலாம். வீட்டில் அது முடியுமா? ஆனாலும் போனான். தெக்கப்போலி என்ற பத்துப் பட்டண நாட்டில் எல்லாருக்கும் சொன்னான். ஏழாம் அதிகாரத்தில் இயேசு திரும்பவும் அந்தப் பக்கம் வரும்போது, ஜனங்கள் காது கேளாத ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, இவன்மேல் கையை வையும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். போய்விடும் என்று சொன்ன அதே சீமை. நடுவில் என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த ஒருவன்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவனுக்கு எந்த நிலையும் முடித்த சான்றிதழ் கிடையாது. வகுப்புகளைக் குறை சொல்லவில்லை, நானே அவற்றில் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் பள்ளி நாளிலிருந்தே தேர்வு, தரம், அடுத்த நிலை என்றே வளர்கிற ஊர் இது. விசுவாசத்தையும் அந்த அளவுகோலால் அளக்கப் பழகிவிட்டோம். சீஷன் என்றால் கற்றுக்கொள்கிறவன். கற்றுக்கொள்கிறவன் எப்போது முடிப்பான் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. பெங்களூரில் பிறந்து, இந்தியாவில் நில அளவை வேலை பார்த்த வில்லியம் ஓல்டம் அந்த வேலையை விட்டவர். 1885இல் சிங்கப்பூருக்கு வந்து மெதடிஸ்ட் சபையைத் தொடங்கினார். அடுத்த வருடம் பதின்மூன்று பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியையும் தொடங்கினார். அந்த அழைப்பு மெய்தான், உங்கள் நண்பருடையதும் மெய்யாக இருக்கலாம். அதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது.

தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்க மாட்டான் என்ற வசனத்தை நான் மென்று விழுங்கப் போவதில்லை. அது லூக்கா சுவிசேஷத்தில் இருக்கிறது, கடினமாகவே இருக்கிறது. இயேசுவை விட்டுவிடு என்று அப்பா சொன்னால் அன்று அந்த வசனம் உங்களோடு பேசும். உங்கள் அப்பா அப்படிச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அவர் தண்ணீர்தான் கேட்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதும் மாற்கு ஏழில்தான் இருக்கிறது. சிலுவையில் தொங்கிக்கொண்டே தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தவர் அவர்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு 28 வயதில், அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது, இரண்டு வார ஊழியப் பயணம் ஒன்றுக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து, அங்கே ஜெபித்ததை எல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குழறும் நாக்கால், “உன் சாமி உன்னை இங்கே தேட மாட்டாரா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் அம்மா பதினொரு வருடம் இருந்தார். நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அந்த வருடங்களில், அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற இரவு நேரங்களில்தான்.

இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. சில வீடுகளில் அதுதான் நல்லது. உங்கள் உடம்பு தாங்காத நாள் வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் அப்பாவுக்குத் தேவை என்பதற்காகச் சேர்ப்பது வேறு, வகுப்பில் பின்தங்கிவிட்டோம் என்ற பயத்தில் சேர்ப்பது வேறு.

தூங்கிவிடுகிறேன் என்கிறீர்கள். மாற்கு நான்கில் இயேசு சொன்ன உவமையில் விதைத்தவனும் தூங்குகிறான். இரவும் பகலும் தூங்கி எழுகிறான், அவனுக்குத் தெரியாத விதமாகவே பயிர் வளர்கிறது. தாம் பிடிபடும் இரவில், கெத்செமனே தோட்டத்தில் தூங்கிவிட்ட சீஷர்களிடம் ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்று சொன்னவருக்கு, டயாலிசிஸ் நாளின் களைப்பு புரியாதா? உட்கார்ந்து ஜெபிக்க முடியாவிட்டால், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேதாகமத்தில் ஒரு சங்கீதம் படியுங்கள். போதும்.

சிலுவையை எடுத்துக்கொள் என்பது மத்தேயுவிலும் மாற்கிலும் உண்டு. ‘அனுதினமும்’ என்பது லூக்காவில்தான் இருக்கிறது. உங்கள் அனுதினம் எது என்று எனக்குத் தெரிகிறது: அளந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் நிற்கிற நேரம். ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்தால் தாகம் சற்று அடங்கும் என்பார்கள், அதையும் அளவில் சேர்த்துக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். அவர் கத்தும்போது திருப்பிக் கத்தாமல் ஒருநாள் இருந்துவிட்டால், அது எந்த மூன்றாம் நிலைக்கும் குறைந்ததில்லை. கத்திவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளை தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை நம் அப்பாக்கள் அதிகம் பார்த்ததில்லை. ஏன் கேட்டாய் என்று அவரே விசாரிப்பார். அப்போது சொல்லுங்கள், கர்த்தர் உங்களுக்கு இரங்கிச் செய்ததை.

சரி, கடைசியாக ஒன்று. தம்பியைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது அந்த வரியில்தான். என்ன நடந்தது, யார்மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது. ஆனால் பலிபீடத்தில் காணிக்கையை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போ என்றார் இயேசு. நீங்கள் ஆறு மாதத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து நிற்கிறீர்கள். அவர் முதலில் போகச் சொல்லும் இடம் அந்தத் தம்பியின் வீடாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அவன் வந்தால் வாரத்தில் ஒருநாள் டயாலிசிஸுக்கு அப்பாவை அவனே கூட்டிக்கொண்டு போகலாம், பாதியில் விட்ட வகுப்பை நீங்கள் முடிக்கவும் முடியலாம். வராமலும் போகலாம். அதற்காகவும் ஜெபிக்கிறேன்.

அவனுடைய இப்போதைய எண் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். அப்பாவிடம் கேளுங்கள். அவரிடம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா