மொம்பாசாவில் கப்பல் நிற்கும்போது கரையிறங்கலாமா?

கேள்வி: எனக்கு 21 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். இதுதான் முதல் கப்பல். பல்க் கேரியரில் (தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே ஏற்றும் கப்பல்) டிரெய்னி ஓ.எஸ். (ஆர்டினரி சீமேன், டெக் வேலையின் ஆரம்பநிலை) ஆக இருக்கிறேன். கோதுமை ஏற்றிக்கொண்டு கென்யாவின் மொம்பாசாவுக்குப் போகிறோம். ஐந்தாறு நாள் நிற்குமாம். "ஆப்பிரிக்காவா, கப்பலை விட்டு இறங்காதே" என்று அம்மா போனில் அழுகிறார். கப்பலில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஷோர் லீவ் கேட்பது தப்பா? என்ன கையில் வேண்டும்? மலேரியாவுக்கு என்ன செய்வது? அம்மாவுக்கு ஏதாவது வாங்கவும் ஆசை.

பதில்: தம்பி, இறங்குங்கள். மாதக்கணக்கில் இரும்பையும் தண்ணீரையும் மட்டுமே பார்த்தவனுக்கு மண்ணில் நான்கு மணி நேரம் நடப்பது மருந்து. கேட்பதில் தப்பே இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதபோது கடலோடிக்குக் கரை விடுப்பு தரப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவும் கென்யாவும் அதை ஏற்ற நாடுகள். ஆனால் "என் உரிமை" என்று போய் நிற்காதீர்கள். உங்கள் வாட்ச் (வேலை முறை) எப்போது முடிகிறது என்று பார்த்து, முதலில் டெக் ஆட்களின் தலைவரான போசனிடம், பிறகு சீஃப் ஆபிசரிடம் சொல்லுங்கள். வேலையைச் சரியாகச் செய்யும் பையனுக்கு லீவ் மறுத்த சீஃப் ஆபிசரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், ஆப்பிரிக்கா என்று ஒரே ஊர் கிடையாது. மேற்குக் கரையில் லாகோஸ் போன்ற இடங்களில் பல கேப்டன்கள் யாரையும் இறக்க மாட்டார்கள். அந்தக் கதைகளைத்தான் கூட இருப்பவர்கள் மொம்பாசாவுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். மொம்பாசா பல நூறு ஆண்டுகளாக நம் கடலோடு பழகிய ஊர். குஜராத்திக் கடைகளும் கோயில்களும் உண்டு. தெருவில் ஓடுவதும் நம் ஊர் ஆட்டோதான், டுக்டுக் என்பார்கள்.

பாஸ்போர்ட் கேப்டனிடமே இருக்கட்டும். கப்பலுக்கான உள்ளூர் ஏஜென்ட் வாங்கித் தரும் ஷோர் பாஸ்தான் துறைமுகக் கேட்டில் செல்லும். அதோடு உங்கள் சிடிசியின் (கடலோடி அடையாளப் புத்தகம்) நகல் ஒன்று. ஒரு துண்டுக் காகிதத்தில் கப்பல் பெயர், பெர்த் (கப்பல் கட்டியிருக்கும் இடம்) எண், ஏஜென்ட் போன் எண் மூன்றையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தக் காகிதம்தான் உங்களைக் கப்பலில் கொண்டு சேர்க்கும். கேப்டனிடம் அட்வான்ஸ் வாங்கும்போது கிழியாத, புது டாலர் நோட்டாகக் கேளுங்கள். பழைய நோட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். கேங்வேயில் (கப்பலில் ஏறி இறங்கும் படி) ஏறி வந்து மாற்றித் தருகிறேன் என்பவரிடம் மாற்றாமல், வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ மாற்றுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கேபினிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. சட்டத்தில் உள்ள அபராதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறையும் உண்டு. நம் ஆட்களுக்குச் சட்டையைக்கூடக் கவரில் சுற்றித்தான் பழக்கம். துணிப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்வாஹிலி பேசுபவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. என்னோடு இருந்த மோட்டார்மேன் (இன்ஜின் அறை ஊழியர்) ஒருவர், கற்றுக்கொண்ட நாலு வார்த்தையை வைத்து டாக்ஸிக்காரரிடம் 'ஸா டானோ' என்று சொல்லிவிட்டுப் போனார். டானோ என்றால் ஐந்து. மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னதாக நினைப்பு. டாக்ஸிக்காரர் புரிந்துகொண்டது இரவு பதினொன்று. லீவ் முடிவது மாலை ஆறு மணிக்கு. ஐந்தே முக்கால் வரை தெருவோரம் காத்திருந்து, வேறு வண்டி பிடித்து ஓடி வருவதற்குள் கேங்வேயில் அவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அடுத்த துறைமுகத்தில் அவருக்கு லீவ் இல்லை. ஆகவே கடிகாரத்தைக் காட்டி, முள் எங்கே வரும்போது வர வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். கப்பல் கடிகாரம் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டதா என்பதையும் பாருங்கள். இந்தியாவைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால்.

மலேரியாதான் நான் பயப்படும் ஒரே விஷயம். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை; உயிரை எடுக்கக்கூடியது. கடித்தவுடன் காய்ச்சல் வராது. குறைந்தது ஏழு நாள், பெரும்பாலும் ஒன்பது முதல் பதினான்கு நாள் கழித்து வரும். அப்போது நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். கப்பலில் டாக்டர் கிடையாது. அதனால் மாத்திரையைத் துறைமுகம் சேருமுன்பே ஆரம்பிக்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, கிளம்பிய பின் ஏழு நாள் வரை. டாக்சிசைக்ளின் என்றால் கிளம்பிய பின் நான்கு வாரம். எது உங்களுக்குச் சரி என்பதை மருந்துப் பெட்டிப் பொறுப்பில் இருக்கும் ஆபிசர் மூலம் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, இருட்டுமுன் கப்பல். கப்பலிலேயே இருந்தாலும் கொசு ஏறி வரும், அக்காமடேஷன் கதவைத் திறந்து போடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், "வெயில் சூடு" என்று படுத்துவிடாமல், "மொம்பாசாவில் இறங்கினேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிப் புத்தகம் பத்திரம். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

எங்கே போகலாம்? ஏஜென்டிடம் மிஷன் டு சீஃபேரர்ஸ் பற்றிக் கேளுங்கள். கடலோடிகளுக்கான இல்லம், வீட்டுக்குப் பேசலாம், உட்காரலாம். காலையில் போனால் 1593இல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு, ஒட்டியே இருக்கும் பழைய ஊரின் சந்துகளில் இரண்டு மூன்று பேராக நடக்கலாம். 'வியாசி கராய்' என்று மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு விற்பார்கள். கையில் சுடச்சுட வாங்கி, புளிச் சட்னியில் முக்கி வாயில் போட்டால் நம் ஊர்ப் பஜ்ஜிக் கடை நினைவுக்கு வரும். இளநீர் 'மடாஃபு'. மதுக்கடையும், முன்பின் தெரியாதவர் வாங்கித் தரும் பானமும் வேண்டாம். 'மிரா' என்று ஒரு தழைக்கட்டு தெருவிலேயே விற்கும். அங்கே சட்டப்படி விற்பனைதான், ஆனால் பல நாடுகளில் அது போதைப்பொருள். கையில் தொடாதீர்கள். துறைமுகத்துக்குள் படம் எடுக்க வேண்டாம். தந்தம், பவளம், கடற்சிப்பி எதுவும் வாங்கக் கூடாது.

அம்மாவுக்கு பியாஷாரா தெருவில் 'காங்கா' வாங்குங்கள். பருத்தித் துணி, ஜோடியாக விற்பார்கள். அடிக்கரையில் ஸ்வாஹிலியில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். சிலவற்றில் வாழ்த்து, சிலவற்றில் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குத்தல். கடைக்காரரிடம் பொருள் கேட்டுவிட்டு எடுங்கள். யாருக்கு என்று கேட்டால் 'மாமா' என்று சொல்லுங்கள். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. ஏற்ற வரியாக அவரே தேடி எடுத்துத் தருவார்.