பிரிவு மாறியவருக்குச் சம்பளச் சேனல் இன்னும் தெரிகிறதா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பள விவரங்களுக்கு மைக்ரோசாப்ட் டீம்ஸில் ஒரு பிரைவேட் சேனல் (சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய தனிப் பகுதி) வைத்திருக்கிறோம். எங்களோடு இருந்த அக்கா ஒருவர் கொள்முதல் பிரிவுக்குப் போய்விட்டார், ஆனால் சேனல் அவருக்கு இன்னும் தெரிகிறது. நீக்கினால் போதுமா? டீமின், அதாவது இந்தச் சேனல் அடங்கிய முழுக் குழுவின், ஓனரான எங்கள் மேலாளரால் ஏன் அதைத் திறக்க முடியவில்லை?

பதில்: முதலில் இன்றே அவரைச் சேனலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒருவரை டீமிலிருந்தே எடுத்தால் அதிலுள்ள பிரைவேட் சேனல்களும் அவருக்குப் போய்விடும். அந்த அக்கா அதே டீமில்தான் இருக்கிறார், பிரிவு மட்டுமே மாறியிருக்கிறது. எனவே சேனலின் ஓனர்தான் கையால் நீக்க வேண்டும். சேனல் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'மேனேஜ் சேனல்' போனால் உறுப்பினர் பட்டியல் வரும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பிரைவேட் சேனலுக்கும் தனி ஷேர்பாயிண்ட் தளம் (மைக்ரோசாப்டின் கோப்புச் சேமிப்பு இடம்) உண்டு, கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. நீக்கியதும் தளத்தின் கதவும் மூடிவிடும். ஆனால் யாராவது ஒரு சம்பளப் பட்டியலின் லிங்க்கை அவருக்குத் தனியாகப் பகிர்ந்திருந்தால், அந்த லிங்க் தொடர்ந்து வேலை செய்யலாம். முக்கியமான கோப்பு ஒவ்வொன்றிலும் 'மேனேஜ் ஆக்சஸ்' திறந்து, யார் பெயர், என்ன லிங்க் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை அழியுங்கள். ஏற்கெனவே இறக்கி வைத்த பிரதிகளை டீம்ஸ் திரும்ப எடுக்காது, அவரிடமே கேட்டு அழிக்கச் சொல்லுங்கள். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கோப்புகள் இவை. அவற்றைப் பாதுகாப்பது மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. இதில் கூச்சமே வேண்டாம்.

மேலாளர் விஷயம் கோளாறு அல்ல. டீம் ஓனருக்குச் சேனலின் பெயர் தெரியும், அதை அழிக்கவும் முடியும். உறுப்பினராகச் சேர்க்காத வரை உரையாடலோ கோப்போ தெரியாது. அவர் பார்க்க வேண்டியது அவசியம் என்றால் சேருங்கள். ஆனால் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய செய்திகளும் தெரியும் என்பதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சேனலுக்கு ஓனர் ஒருவர் மட்டும் என்றால் இரண்டாவது ஒருவரையும் ஆக்குங்கள். இருக்கிற ஒரே ஓனரும் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டால் டீம்ஸ் தானாகவே ஓர் உறுப்பினரை ஓனராக்கிவிடும். அது யார் என்பதை நீங்களே முடிவு செய்வது நல்லது.