நர்சிங் கல்லூரி ஆசிரியர்: தகுதி, அனுபவம், கல்லூரி ஆய்வு குறித்த கேள்வி பதில்

நர்சிங் கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதிகள் குறித்துச் செவிலியர்களும் ஆசிரியர்களும் ஒரு பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கல்லூரி ஆசிரியர் வரிசையின் முதல் படியான டியூட்டராகத் தொடங்கி முதல்வராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சில இடங்களில் என் சொந்தக் கருத்தையும் சேர்த்திருக்கிறேன். எண்கள் யாவும், நாட்டின் செவிலியக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறிமுறைகளில் உள்ளவை. பட்டப்படிப்புக்கான இன்றைய ஒழுங்குமுறைகள் 2021இல் அரசிதழில் வெளியாயின.

மேடம், பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகளாக வார்டில் இருக்கிறேன். கல்லூரியில் சேர எம்.எஸ்சி. கட்டாயமா? (செவிலியர், திருநெல்வேலி)

டியூட்டராகச் சேர்வதற்குக் கட்டாயமில்லை. பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (டிப்ளமா முடித்த செவிலியர்கள் பின்னர் படிக்கும் பட்டப்படிப்பு) முடித்து ஓராண்டு அனுபவம் இருந்தால் போதும், எம்.எஸ்சி. படித்தவருக்கு முன்னுரிமை உண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படியைத் தாண்ட வேண்டுமானால் எம்.எஸ்சி. இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. உதவிப் பேராசிரியருக்கு எம்.எஸ்சி.யுடன் மூன்றாண்டுக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். இணைப் பேராசிரியருக்கு எட்டு ஆண்டு அனுபவமும் அதில் ஐந்தாண்டுக் கற்பித்தலும், பேராசிரியருக்கும் துணை முதல்வருக்கும் 12 ஆண்டு அனுபவமும் அதில் 10 ஆண்டுக் கற்பித்தலும், முதல்வருக்கு 15 ஆண்டு அனுபவமும் அதில் 12 ஆண்டுக் கற்பித்தலும் கேட்கப்படுகின்றன.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இணைப் பேராசிரியர் முதல் மேலே உள்ள பதவிகளுக்கு, எம்.எஸ்சி. முடித்த பிறகு கிடைத்த அனுபவமே கணக்கில் வரும். எனவே பி.எஸ்சி.யோடு பத்தாண்டு டியூட்டராக இருந்துவிட்டு அதன் பின் மேற்படிப்புக்குப் போகிறவர், அந்தப் பத்தாண்டையும் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியிருக்கும். எம்.எஸ்சி.யில் சேர, இளநிலைப் படிப்பில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். உங்களிடம் அனுபவம் இருக்கிறது. மதிப்பெண்ணும் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். வார்டில் கழித்த நான்கு ஆண்டுகள் வீண்போகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவை எந்தப் படிவத்திலும் ஏறாமல் போகலாம், ஆனால் நீங்கள் வகுப்பெடுக்கும்போது மாணவிகளுக்குத் தெரிந்துவிடும்.

எம்.எஸ்சி. முடித்தபின் ஆறு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றித் திரும்பியிருக்கிறேன். இந்த அனுபவம் கல்லூரியில் செல்லுமா? (செவிலியர், நாகர்கோவில்)

ஓரளவுக்குத்தான் செல்லும். மேலே சொன்ன எண்களை மீண்டும் பாருங்கள். இணைப் பேராசிரியருக்கு மொத்தம் எட்டு, கற்பித்தல் ஐந்து என்றால், எஞ்சிய மூன்று ஆண்டுகளை மருத்துவமனைப் பணியால் நிரப்பிக்கொள்ளலாம் என்றாகிறது. முதல்வர் பதவிக்கும் அந்த இடைவெளி மூன்று ஆண்டுதான். பேராசிரியருக்கு இரண்டே இரண்டு. ஆக, உங்கள் ஆறு ஆண்டுகளில் பாதிதான் கணக்கில் ஏறும், அதுவும் பணிச் சான்றிதழும் பணிவிடுப்பு ஆணையும் முறையாக இருந்தால். தொடக்கத்தில் நீங்கள் டியூட்டராகவே சேர வேண்டியிருக்கும், அப்போது உங்களைவிட வயதில் இளையவர் உங்களுக்கு மேலே இருப்பார்.

இதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஆறு ஆண்டுகள் இரவு பகலாகப் பார்த்த ஒருவரையும், எம்.எஸ்சி. முடித்த மறுவாரமே கல்லூரியில் சேர்ந்து வார்டுப் பக்கமே போகாதவரையும் எடைபோடும்போது, பின்னவரை விதி உயர்த்திவிடுகிறது. கற்பித்தலும் ஒரு திறமைதான், அதற்கும் காலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செவிலியக் கல்வியில் எதைக் கற்பிக்கிறோமோ அதைக் கையால் செய்தவருக்கு இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம்.

நர்சிங் ஆசிரியருக்கு நெட் தேர்வு வேண்டுமா? (எம்.எஸ்சி. மாணவி, சேலம்)

வேண்டாம். கல்லூரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேசியத் தகுதித் தேர்வில் நர்சிங் ஒரு பாடமாகவே இல்லை.

நான் டியூட்டர். எங்கள் நிர்வாகம், வேறு மாவட்டத்தில் அவர்களுக்குள்ள இன்னொரு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலிலும் என் பெயரைச் சேர்க்கக் கையெழுத்துக் கேட்கிறது. "ஆய்வு நடக்கும் ஒரு நாளைக்கு மட்டும்தானே" என்கிறார்கள். (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் என்பது கல்லூரியைப் பார்வையிட்டு ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குத்தான். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்த ஒவ்வொரு செவிலியருக்கும் ஒரு தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. ஒரே எண் இரண்டு கல்லூரிகளில் தென்பட்டால் அதைக் கண்டுபிடிக்க இப்போது யாரும் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அங்கே காகிதத்தில் மட்டுமே இயங்கிய நர்சிங் கல்லூரிகளைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, 300க்கும் மேற்பட்ட கல்லூரிகள் விசாரணைக்கு உள்ளாயின. கல்லூரிக்குச் சாதகமாக அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக, விசாரிக்கப் போன அதிகாரிகளே 2024 மே மாதம் கைதானார்கள். இப்படி ஒரு விவகாரம் வெடிக்கும்போது நிர்வாகம் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும். டியூட்டரின் பதிவு எண்ணைக் காப்பாற்ற யார் வருவார்கள்?

மறுப்பதை வாய்ச்சண்டையாக்காமல், "நான் இந்தக் கல்லூரியில் முழுநேரப் பணியில் இருப்பதால் வேறு நிறுவனத்தின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க ஒப்புதல் இல்லை" என்று முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதன் நகலை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் எந்தக் கல்லூரியின் கணக்கிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் வங்கி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

என் மகளை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்கப் போகிறோம். போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? (பெற்றோர், விழுப்புரம்)

ஐயா, கூட்டல் கணக்குப் போதும். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆண்டுக்கு 60 இடங்கள் உள்ள கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள் இருப்பார்கள். அப்படியானால் 24 பேர் அளவில் நர்சிங் ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். அதைப் படித்துவிட்டு நேரில் போய், அவர்களில் ஐந்தாறு பேரையாவது பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள்.

அதைவிட நல்ல வழி, கல்லூரிக்குப் போகாமல் அதன் மருத்துவமனைக்குக் காலை பத்து மணி வாக்கில் போவது. கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கைகளாவது உள்ள மருத்துவமனை இருக்க வேண்டும். மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதமும் உண்டு. வார்டில் சீருடையில் நிற்கும் மாணவிகளோடு ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா, அல்லது அவர்கள் ஊழியர் பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்காகப் படுக்கை விரித்துக்கொண்டும் மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டும் இருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், "உங்கள் மேடம் இன்று எத்தனை மணிக்கு வந்தார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவள் தயங்கினால், அதுவே பதில்.

முதல்வர் உட்பட எல்லா ஆசிரியர்களும் நாள்தோறும் நான்கு மணி நேரம் வார்டில் இருக்க வேண்டும் என்று விதியில் படித்தேன். இது நடக்கிற காரியமா? (உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். ஆகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படுவதும் இதுவே. வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், குழுக் கூட்டம், ஆய்வுக்கான கோப்பு என்று மேசையில் குவியும் வேலையைப் பார்த்தால் நடக்காத காரியம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நான்கு மணி நேரம் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்தும் ரைல்ஸ் டியூப் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரையும் குழாயை அளந்து குறியிட வேண்டும் என்று எந்த மாணவியும் தேர்வில் எழுதிவிடுவாள். ஆய்வகத்துப் பொம்மையிலும் தவறில்லாமல் செய்து காட்டுவாள். பொம்மை இருமாது. உண்மையான நோயாளிக்குக் குழாய் தொண்டையை எட்டும்போது குமட்டும், கண்ணில் நீர் வரும், அவர் மாணவியின் கையைத் தட்டிவிடுவார். அந்த நொடியில் அவள் பதறி வேகமாகத் தள்ளுவாளா, அல்லது நிறுத்தி, தலையைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லி, விழுங்கும் ஒவ்வொரு மடக்கோடும் குழாயை நகர்த்துவாளா? விடாத இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் குழாய் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று உடனே உருவிவிடுவாளா? இவற்றை அருகில் நின்று, தேவைப்பட்டால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத்தான் கற்றுக்கொடுக்க முடியும். ஆசிரியர் இல்லாத வார்டில், வேலை நெருக்கடியில் இருக்கும் பணிச் செவிலியர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே மாணவி கற்றுக்கொள்வாள். அவர் குறுக்குவழியில் செய்தால் அவளுக்கும் அதுதான் முறை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலமாக வேறு வழி ஒன்று இருக்கிறது. அங்கே கல்வியும் நோயாளி பராமரிப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்திருக்கின்றன. நர்சிங் கல்லூரியின் ஆசிரியர்களே வார்டுப் பொறுப்புகளையும் ஏற்கிறார்கள். ஆசிரியர் வார்டுக்குப் "போய் வர" வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. எல்லாக் கல்லூரிகளிலும் அது உடனே கைகூடாது. உங்கள் அளவில், வாரக் கால அட்டவணையைப் போடும்போது வார்டு நேரத்தை முதலில் குறித்துவிட்டு மிச்ச நேரத்தில் கூட்டங்களை வையுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இது தலைகீழாக நடக்கிறது.

பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம் வேண்டுமா? மேலாண்மையில் முனைவர் பட்டம் பெற்றால் ஏற்பார்களா? (இணைப் பேராசிரியர், திருச்சி)

முனைவர் பட்டம் விரும்பத்தக்கது என்றுதான் விதி சொல்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. விதி குறிப்பதும் நர்சிங்கில் பெறும் முனைவர் பட்டத்தைத்தான். மேலாண்மைப் பட்டத்தை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது.

கட்டாயமாக்காததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும்தான் தொடங்கியது. முதுநிலைப் படிப்பு 1959இல், இன்று ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கியிருக்கும் டெல்லிக் கல்லூரியில் வந்தது. முனைவர் பட்டத்துக்கென நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றை நர்சிங் கவுன்சிலும் பெங்களூருவின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்படுத்தியபோது இந்த நூற்றாண்டே பிறந்துவிட்டது. வழிகாட்ட ஆளில்லாத துறையில் பட்டத்தைக் கட்டாயமாக்கினால் பதவிகள் காலியாகத்தான் கிடக்கும். இன்று நிலைமை மெல்ல மாறி வருவதால், நேரமும் நல்ல வழிகாட்டியும் அமைந்தால் செய்யுங்கள். பதவி உயர்வுக்காக மட்டும் என்றால், வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு படும் பாட்டுக்கு அது ஈடாகாது.

எம்.எஸ்சி.யில் மனநல நர்சிங் படித்தேன். என்னைக் குழந்தைகள் நல நர்சிங் நடத்தச் சொல்கிறார்கள். (உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்)

மருத்துவ அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம், சமூக நலம், மனநலம் என்று ஐந்து சிறப்புப் பிரிவுகள் இருப்பதே, அந்தந்தப் பாடத்தை அந்தந்தப் பிரிவில் படித்தவர் நடத்த வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு பருவம் ஆளில்லாமல் தடுமாறும்போது கைகொடுப்பதில் தவறில்லை. அதையே வழக்கமாக்கினால், "இந்தப் பிரிவுக்குத் தகுதியான ஆசிரியரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு மருந்தளவு எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவது. அதை அன்றாடம் செய்து பழகாதவர் கற்றுக்கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது.

உடற்கூறியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை மருத்துவர்கள் நடத்தினால், அவர்களையும் பத்துக்கு ஒன்று விகிதத்தில் சேர்க்கலாமா? (கல்லூரி அலுவலர், மதுரை)

கூடாது. அவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். அந்தந்தத் துறையில் முதுநிலைத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது வேறு. விகிதம் நர்சிங் ஆசிரியர்களைப் பற்றியது.

ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமா) பள்ளிக்கு முதல்வராக பி.எஸ்சி. போதுமா? (டியூட்டர், தருமபுரி)

போதும், ஐந்தாண்டுக் கற்பித்தல் அனுபவம் இருந்தால். எம்.எஸ்சி. படித்தவருக்கு மூன்றாண்டு.

புதிய சட்டம் வந்திருப்பதால் இந்தத் தகுதிகள் எல்லாம் மாறிவிடுமா? இப்போது எம்.எஸ்சி.யில் சேரத் தயக்கமாக இருக்கிறது. (செவிலியர், புதுச்சேரி)

தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் வரும் இதில், கல்விக்கு ஒரு வாரியம், நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரப்படுத்த ஒரு வாரியம், நெறிமுறைக்கும் பதிவுக்கும் ஒரு வாரியம் என மூன்று தன்னாட்சி வாரியங்கள் உண்டு. மதிப்பீட்டுக்கெனத் தனி வாரியம் அமைவதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது கோப்புகளை எண்ணுவதோடு நிற்குமா, வார்டுக்குள்ளும் வருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தகுதிகள் திருத்தப்படலாம், எம்.எஸ்சி.யின் மதிப்பு குறைவதற்கு வாய்ப்பில்லை. எனவே தயங்காமல் சேருங்கள். முடித்தவுடன் அந்தப் பட்டத்தை மாநிலக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துவிடுங்கள், பலர் இதை ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு ஆய்வுக்கு முதல் நாள் ஓடுகிறார்கள். பணியில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் நியமன ஆணை, பணியேற்புக் கடிதம், பணிவிடுப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ் ஆகிய நான்கையும் நாள், மாதம், பதவிப்பெயர் தெளிவாக இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே முறை. "எங்களிடம் இருக்கட்டும்" என்று சொல்லும் கல்லூரியில் சேர்வதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.